மணலிக் கணக்கு ஓசூருக்கு உதவாது

எரிவாயுக் குழாய் ஆலை வாசலுக்கு வந்துவிட்டால் மின்வாரியத்தின் தயவே வேண்டாம். ஆளாளுக்குச் சொந்தமாகக் கரண்ட் எடுத்துக்கொள்ளலாம். மலிவு, சுத்தம், தடையில்லை. ஓசூரில் தொழில் நடத்துபவர்கள் மத்தியில் சில ஆண்டுகளாக இந்தப் பேச்சுதான். ஜெனரேட்டர் விற்க வருபவர் சொல்கிறார். திட்ட அறிக்கை எழுதித் தரும் ஆலோசகர் சொல்கிறார். கருத்தரங்க மேடையில் ஏறும் அதிகாரியும் தலையாட்டுகிறார். சந்தேகமாகக் கேட்டால் மூவரும் கைகாட்டுவது ஒரே ஊரைத்தான்: மணலி. அவ்வளவு பெரிய சுத்திகரிப்பு ஆலையே எரிவாயுவில் மின்சாரம் எடுத்துக்கொள்ளும்போது உங்கள் பட்டறைக்கு என்ன கேடு என்கிறார்கள்.

கேடு இருக்கிறது. மணலியில் நடப்பதைப் பாதி மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லும் பேச்சு இது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் எரிவாயு வரட்டும், நிறையவே வரட்டும். வந்த வாயுவை இஞ்சினில் விட்டு மின்சாரமாக்குவதுதான் அதற்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

முதலில் மணலியின் கதை. 1965ல் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான் இன்றைய சென்னைப் பெட்ரோலியக் கழகம். 1969ல் ஓடத் தொடங்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய். இன்று 105 லட்சம் டன். இப்படிப்பட்ட ஆலைக்கு மின்சாரத்தை விட நீராவிதான் உயிர். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்க, குழாயில் கெட்டியாகிவிடாமல் ஓடவைக்க, பம்புகளைச் சுழற்ற என்று எதற்கும் நீராவி வேண்டும். அதுவும் இரவு பகல், தீபாவளி பொங்கல் பாராமல் வேண்டும். எரிவாயு டர்பைன் தனியாக ஓடினால் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மிச்சம் சூடான புகையாக வெளியே போகும். சுத்திகரிப்பு ஆலை அந்தப் புகையை விடுவதில்லை. அதைப் பாய்லருக்குள் திருப்பி நீராவி எடுத்துக்கொள்கிறது. மின்சாரமும் நீராவியும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு எண்பது பங்கு வெப்பம் வேலைக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு, டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். அதற்கும் எரிவாயுவே மூலப்பொருள். கிழக்குக் கடற்கரையின் முதல் முனையமாக 2019 மார்ச்சில் எண்ணூரில் திறக்கப்பட்ட திரவ எரிவாயு முனையம் மணலிக்குப் பக்கத்து வீடு. அதே ஆண்டு ஜூலையில் மணலி உரத் தொழிற்சாலையும் நாப்தாவைக் கைவிட்டு எரிவாயுவுக்கு மாறியது. அங்கும் வாயுதான் யூரியாவுக்கு மூலப்பொருள்.

இன்னொன்றை மேடையில் யாரும் சொல்வதில்லை. வாயு விலை ஏறினால் சுத்திகரிப்பு ஆலை குழாயைத் திருகி மூடிவிட்டுத் தன் வீட்டு நாப்தாவையும் எண்ணெயையும் எரித்துக்கொள்ளும். 2022ல் விலை கண்மண் தெரியாமல் ஏறியபோது நம் நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் செய்தது அதைத்தான். எரிபொருளை விற்பவனே எரிபொருளை வாங்குபவனாகவும் இருக்கிற இடம் அது. பேடரப்பள்ளியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் எதை எரிப்பார்?

ஓசூருக்கு வருவோம். எழுபதுகளில் சிப்காட் வந்தது, 1980ல் அசோக் லேலண்ட், அதையொட்டி டிவிஎஸ் மொபெட், பிறகு டைட்டன் கைக்கடிகாரம். அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். இப்போது மின்னணு ஆலைகள், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரை மின்வாகன ஆலைகள். இந்தப் பட்டியலில் நீராவி எங்கே இருக்கிறது? இரும்பைக் கடைவதும் தகட்டை அழுத்துவதும் பாகங்களைப் பூட்டுவதும் மோட்டார் வேலை. பெயின்ட் பூத்திலும் கழுவும் தொட்டியிலும் கொஞ்சம் வெந்நீர், கொஞ்சம் சூடான காற்று. அவ்வளவுதான். இங்கே ஒரு கேஸ் இஞ்சினை வைத்தால் நூற்றுக்கு நாற்பது பங்கு மின்சாரமாகும். மிச்ச அறுபதை ரேடியேட்டரும் புகைபோக்கியும் ஓசூர்க் காற்றில் கலக்கும். கத்தாரில் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, எண்ணூரிலோ தாபோலிலோ கொச்சியிலோ இறக்கி, பல நூறு கிலோமீட்டர் குழாயில் அனுப்பிக் கொண்டுவந்த பொருளில் பாதிக்கு மேல் இப்படிப் போகிறது.

புகையின் சூட்டில் குளிர்விப்பான் ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டலாம். இரவு பகலாக நீராவியோ குளிரோ தேவைப்படும் மருந்து ஆலையோ உணவு ஆலையோ இருந்தால் அது தாராளமாகச் செய்யட்டும். அந்த ஒன்றிரண்டு ஆலைகளுக்கு எதிராக எனக்கு வழக்கில்லை. ஆனால் கிருஷ்ணகிரியில் நிஜமாகவே நீராவி குடிக்கிற தொழில் மாங்கூழ். பெங்களூரா மாங்காய் வந்து குவியும் மூன்று நான்கு மாதம்தான் அந்த ஆலைகளுக்குச் சீசன். அவர்களுக்கு ஒரு மின்நிலையம் கட்டிக் கொடுத்தால் மற்ற மாதங்களில் வட்டி மட்டும்தான் ஓடும்.

இந்தப் பேச்சு ஏன் இவ்வளவு சுலபமாக ஓசூரின் காதில் ஏறுகிறது என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே போக முடியாது. 2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு அறிவித்தார்கள். ஏட்டளவில் அந்தக் கட்டுப்பாடு முழுவதுமாக நீங்க 2015 ஆயிற்று. நடுவில் 2012. தமிழ்நாட்டில் தொழில் செய்த யாரும் அந்த ஆண்டை மறக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. ஷிப்டுக்கு வந்த ஆட்கள் மெஷின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிச் செக்போஸ்டைத் தாண்டினால் நிலைமை கொஞ்சம் தேவலை என்று நிலம் பார்க்கப் போனவர்களும் உண்டு. டீசல் செட் இல்லாதவன் ஆர்டரை இழந்தான். இருந்தவன் லாபத்தை இழந்தான். வாரியத்தை நம்பாதே என்ற பாடத்தை ஓசூர் அப்போதுதான் படித்தது.

விற்க வருபவர் கை வைப்பது அந்தக் காயத்தின் மேல்தான். அவர் காட்டும் தாளில் இரண்டு பத்திகள் இருக்கும்: டீசல், எரிவாயு. ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட் வரும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஒரு யூனிட் 26, 27 ரூபாய். எரிவாயுவோ அதில் பாதிக்கும் குறைவு. பார்த்தவுடன் கையெழுத்துப் போடத் தோன்றும். மூன்றாவது பத்தி ஒன்று அந்தத் தாளில் இருக்கவே இருக்காது: வாரியத்தின் கரண்ட். டீசல் செட் இன்று மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? அதன் மணிக் கணக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும். அந்தச் சில மணி நேரத்துக்கு டீசலே போதும். கேஸ் இஞ்சின் வாங்குபவர் அதை வருடம் முழுவதும் ஓட்டினால்தான் முதல் திரும்பும். அப்படி ஓட்டும்போது அது போட்டியிடுவது டீசலோடு இல்லை, வாரியத்தோடு.

போட்டி எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஒரு கன மீட்டர் எரிவாயுவில் 8,500 கிலோகலோரி சொச்சம் இருக்கிறது. நல்ல இஞ்சினுக்கு ஒரு யூனிட் எடுக்க 2,100 கிலோகலோரி வேண்டும். ஆக, கன மீட்டருக்கு நான்கு யூனிட். கன மீட்டர் 40 ரூபாய்க்கே கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 10 ரூபாய். 50 என்றால் பன்னிரண்டரை. இஞ்சின் விலை, வட்டி, லூப் ஆயில், ஸ்பார்க் பிளக், ஓவர்ஹால் எல்லாம் தனி. உயர் அழுத்த ஆலைக்கு வாரியம் விற்பது ஏழு ரூபாய் சொச்சத்துக்கு. டிமாண்ட் சார்ஜையும், பீக் ஹவரில் 25 சதவீதம் கூடுதலையும் சேர்த்தாலும் இஞ்சின் தோற்கிறது. இஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்று வாரிய இணைப்பையும் யாரும் விடப்போவதில்லை. ஆகவே டிமாண்ட் சார்ஜ் எப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும். எரிவாயு ஜிஎஸ்டிக்குள் வரவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழக அரசு 2020ல் அதன் மீதான மதிப்புக் கூட்டு வரியை 14.5 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது நல்ல காரியம்தான். ஆனாலும் கட்டும் அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. கட்டினால் கட்டியதுதான்.

பெரிய ஆலைகள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டன. ஓசூரின் வாகன ஆலைகள் தென்மாவட்டங்களில் காற்றாலையிலும் சூரியத் தகட்டிலும் பங்கு வைத்து, வாரியத்தின் கம்பி வழியாகவே அந்த மின்சாரத்தை வரவழைக்கின்றன. மலிவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கேஸ் ஜெனரேட்டர் என்ற ஆசை இப்போது இறங்கி வந்து நிற்பது நடுத்தர, சிறு ஆலைகளின் தலையில்தான்.

சரி, விலை கொஞ்சம் கூடினாலும் தடையில்லாமல் கிடைக்குமே என்பது அடுத்த வாதம். தடையில்லாமலா? எரிவாயுவை நம்பி இந்தியாவில் கட்டிய மின்நிலையங்களின் கதையைப் போல வருத்தமான கதை நம் மின்துறையில் இன்னொன்று இல்லை. 20,000 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு நிலையங்கள் நாட்டில் நிற்கின்றன. நிற்கின்றன என்பதுதான் சரியான சொல். அண்மை ஆண்டுகளில் சராசரியாகத் தங்கள் திறனில் ஆறில் ஒரு பங்குகூட அவை ஓடவில்லை. கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் வயலை நம்பி ஆந்திரத்தில் வரிசையாக நிலையங்கள் எழுந்தன. 2010 வாக்கில் உச்சம் தொட்ட அந்த வயலின் உற்பத்தி மூன்றே ஆண்டில் கால் பங்குக்கும் கீழே சரிந்தது. எரிபொருளின்றி முடங்கிய நிலையங்கள் என்று பின்னர் நாடாளுமன்றக் குழு முன் வந்த கணக்கு 14,000 மெகாவாட்டுக்கு மேல். பெங்களூருக்கு வாயு கொண்டுவரும் குழாய்க்குப் பெயரே தாபோல் குழாய். என்ரான் கட்டி, 1999ல் நாப்தாவில் ஓடத் தொடங்கி, வாங்கும் மின்சாரத்துக்கு விலை கொடுக்க முடியாமல் மகாராஷ்டிரம் திணற, 2001ல் இழுத்து மூடப்பட்ட அதே தாபோல்.

கர்நாடகத்தைப் பாருங்கள் என்பவர்களுக்காக: எலஹங்காவில் பழைய டீசல் நிலையம் இருந்த இடத்தில் 370 மெகாவாட் எரிவாயு நிலையம் கட்டினார்கள். ஏறத்தாழ பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு, நடுவில் ஒரு தீ விபத்தையும் பார்த்துவிட்டு, 2024 செப்டம்பரில்தான் அது திறக்கப்பட்டது. பெங்களூரின் வாசலிலேயே குழாய் இருந்தும் இதுதான் வேகம்.

2022ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் ஆசியச் சந்தையில் திரவ எரிவாயு ஒரு மில்லியன் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. அப்போது போட்ட திட்ட அறிக்கைகளைப் படித்தால் சிரிப்பு வரும். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த ஆண்டின் ஆகஸ்டில் அது 60 டாலரைத் தாண்டியது. ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் கிளையோடு நம் அரசின் எரிவாயு நிறுவனமான கெயில் நீண்டகால ஒப்பந்தம் வைத்திருந்தது. அந்தக் கிளையின் தாய் நிறுவனத்தை ஜெர்மனி எடுத்துக்கொண்டதும் நமக்கு வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. கெயில் தன் வாடிக்கையாளர்களுக்கு அளவு வைத்து வாயு கொடுத்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தபோதே இந்த நிலை. வாரியம் கரண்டை நிறுத்தினால் உதவிப் பொறியாளரின் அலுவலகத்துக்கு முன்னால் போய் நிற்கலாம். பெர்லினில் எடுத்த முடிவுக்கு எந்த அலுவலகத்தின் முன் நிற்பது?

வெளியூர்க் கதை போதும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே பாடம் இருக்கிறது. ஊத்தங்கரை போகும் வழியில் சாமல்பட்டி. ரயில் நின்று போகிற அந்தச் சின்ன ஊரில் 2001ல் ஒரு தனியார் மின்நிலையம் வந்தது. அப்போது அது தர்மபுரி மாவட்டம். சுத்திகரிப்பு ஆலைகளின் அடிமட்ட எண்ணெயை எரிக்கும் பெரிய பெரிய இஞ்சின்கள், சுமார் 105 மெகாவாட். மதுரைப் பக்கம் சமயநல்லூரில் இதேபோல் ஒன்று. மாநிலத்துக்கு மின்பற்றாக்குறை, இஞ்சின் நிலையம் என்றால் சீக்கிரம் கட்டலாம், எரிபொருள் விலையை வாங்குபவர் தலையில் ஏற்றிவிடலாம் என்பதுதான் அன்றைய யுக்தி. உலகச் சந்தையில் எண்ணெய் ஏறியது. சாமல்பட்டி மின்சாரம் வாரியம் வாங்கியவற்றிலேயே விலை மிகுந்த ஒன்றாகிப் போனது. ஓடினால் எரிபொருளுக்குக் கொடு, ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடு. பிள்ளைபெருமாள்நல்லூரில் எரிவாயுவும் நாப்தாவுமாக 330 மெகாவாட்டுக்குக் கட்டிய நிலையத்திலும் வாரியம் பட்டது இதே பாடுதான். அன்று வாரியம் போட்டது தப்புக் கணக்கு என்று இன்று திட்டாத தொழிலதிபர் இல்லை. அதே கணக்கைத்தான் இப்போது ஆலைக்கு ஆலை சின்னதாகப் போடச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் எரிவாயு மின்சாரம் ஒழுங்காக ஓடிய இடங்களும் இருக்கின்றன. குத்தாலம், திருமக்கோட்டை, வழுதூர். மூன்றும் வாயு எடுக்கும் கிணறுகளுக்கு அருகில் வாரியமே கட்டியவை. கப்பலில் வந்த வாயு கிடையாது; இறக்குமதி விலை கிடையாது. கிணற்றடியில் வேலைக்காவது கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூருக்கும் வேலைக்காகும் என்று யார் சொன்னது?

சுத்தமான எரிபொருள் என்ற பட்டத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். நிலக்கரிச் சாம்பல் இல்லை, கந்தகப் புகை இல்லை என்பது முழு உண்மை. கரியமில வாயுவும் நிலக்கரியில் பாதிதான். ஆனால் ஓசூர் ஆலை எதை விட்டுவிட்டு எரிவாயுவுக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டாமா? 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்திருக்கும் மாநிலம் இது. ஆடிக் காற்றில் அவை ஓடுகிற ஓட்டத்தில், எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. ஒரு யூனிட்டுக்கு அரை கிலோ கரியமில வாயு விடும் இஞ்சினை அந்தக் காற்றுக்கு மாற்றாக வைத்துவிட்டுப் பசுமைச் சான்றிதழ் கேட்பது வேடிக்கை. குழாயிலும் வால்விலும் கசிகிற மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல எண்பது மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் என்பது அதற்கு மேல்.

இரவில் சூரியன் இருக்கிறதா, காற்று எப்போதும் அடிக்கிறதா என்ற கேள்வி வரும். நல்ல கேள்விதான். அதற்கான பதில் மாநில அளவில் இருக்கிறது; பட்டறை அளவில் இல்லை. காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் எண்பதுகளிலிருந்து ஓடுகிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. மின்கல நிலையங்கள் வருகின்றன. மிகவும் நெருக்கடியான கோடைக்கு ஏற்கெனவே கட்டிப்போட்ட எரிவாயு நிலையங்களை ஓட்டலாம். 2024 மே, ஜூனில் மத்திய அரசு சட்டப் பிரிவைக் காட்டி அவற்றை ஓடச் செய்தது. பெரும்பாலும் சும்மா நிற்கும் அத்தனை மெகாவாட்டை வைத்துக்கொண்டு ஓசூரில் புதிதாக இன்னும் நூறு இஞ்சின்களை வாங்கி நிறுத்துவானேன்? மின்னணு ஆலைக்காரர்கள் பயப்படுவது மின்வெட்டுக்குக்கூட இல்லை. ஒரு நொடிக்கும் குறைவான வோல்டேஜ் சரிவுக்கு. ஒரு சிமிட்டலில் ஒரு தொகுதி பாகம் பாழாகும். கேஸ் இஞ்சின் கிளம்பிப் பளு ஏற்பதற்குள் சேதம் முடிந்திருக்கும். அதற்கு மருந்து யுபிஎஸ்ஸும் கூடுதல் சப்ஸ்டேஷனும் இரட்டை இணைப்புக் கம்பியும்.

பிறகு வாயுவை என்னதான் செய்வது? மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு ஃபோர்ஜிங் பட்டறைக்குப் போனால் பதில் கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்கும். நான் பார்த்த பட்டறையில் உலை ஃபர்னஸ் ஆயிலில் ஓடியது. அந்த எண்ணெய் தார் மாதிரி. சூடேற்றி இளக்கினால்தான் பர்னரில் பூவாகத் தெறிக்கும். காலையில் முதல் வேலை, முந்தின நாள் கரி அடைத்த நாசிலைக் கழற்றித் துடைப்பது. "இதுக்கே ஒரு மணி நேரம் போயிடும்ணா" என்றார் துடைத்துக்கொண்டிருந்த ஒடிசாப் பையன், இங்கே வந்து கற்ற தமிழில். உலைக்குள் இரும்புத் துண்டு 1,150 டிகிரிக்கு வந்து ஆரஞ்சு நிறமானதும் இடுக்கியால் இழுத்துச் சுத்தியலின் கீழ் தள்ளுகிறார்கள். சூடு கொஞ்சம் கூடினால் மேலே செதில் படிந்து இரும்பு வீண். குறைந்தால் அச்சு உடையும். ஆயில் பர்னரில் அந்தச் சூட்டைப் பிடித்து நிறுத்துவது பழகிய கண்ணின் வேலை. கூரைத் தகடு முழுக்கக் கருப்பு. முதலாளியிடம் மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்டேன். "கரண்ட் பில்லை விடுங்க சார், ஆயில் பில்தான் தூக்கத்தைக் கெடுக்குது" என்றார்.

இந்த உலையில் எரிவாயுவை விட்டால் எல்லாமே மாறும். துடைக்க நாசில் அடைப்பு இல்லை. வால்வைத் திருகினால் சூடு அளந்து வைத்த மாதிரி நிற்கும். புகையில் கந்தகம் இல்லை. பவுடர் கோட்டிங் அடுப்புக்கும் பல்சக்கரங்களை இறுகச் செய்யும் வெப்பப் பட்டறைக்கும் அலுமினியம் உருக்கும் வார்ப்படத்துக்கும் இதுவே பொருந்தும். இங்கே வாயு நேராக வெப்பமாகவே பயன்படுகிறது. நல்ல பாய்லரில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வேலைக்கு வரும். விலையும் இங்கேதான் கட்டுபடியாகிறது. 19 கிலோ வணிக சிலிண்டர் 1,900 ரூபாய் என்றால் ஆயிரம் கிலோகலோரிக்கு 9 ரூபாய். டீசல் பர்னர் என்றால் 10 ரூபாய்க்கு மேல். கன மீட்டர் 50 ரூபாய்க்கு வாங்கினாலும் எரிவாயுவில் அது 6 ரூபாய்க்குள் முடியும். மின்சாரத்தில் நட்டம் தந்த அதே விலை இங்கே லாபம் தருகிறது. ஃபர்னஸ் ஆயிலோடு ஒப்பிட்டால் ரூபாயில் பெரிய வித்தியாசம் இருக்காது. சரக்கின் தரத்திலும் வேலை செய்பவரின் நுரையீரலிலும் இருக்கும். காற்றாலையும் சூரியத் தகடும் இந்த உலைக்குள் சுலபமாக வர முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குக் காற்று போதும். இரும்பைப் பழுக்கக் காய்ச்ச நெருப்பு வேண்டும்.

குழாய் எந்த மண்ணின் அடியில் வருகிறது என்பதை ஓசூர்க் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் வகுத்த பாதை கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர், பெரும்பாலும் வயலும் தோப்புமாகப் போகிறது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013ல் ஜெயலலிதா அரசு, விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகப் போ என்றது. உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. 2022 ஏப்ரலில் வேலை மறுபடி சூடுபிடித்தபோது தர்மபுரி மாவட்டத்தில் ஒரு விவசாயி தூக்கில் தொங்கினார். 1962ஆம் ஆண்டுக் குழாய்வழிச் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும், உபயோக உரிமை மட்டும் குழாய்க்காரருக்கு. குழாய் போகும் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது. அதற்குச் சட்டம் சொல்லும் இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிருக்கும் மரத்துக்கும் தனி. மாந்தோப்பே வாழ்க்கையாக இருக்கும் மாவட்டத்தில் மரம் வைக்கக் கூடாத நிலத்துக்கு என்ன மதிப்பு? 2014 ஜூனில் கோதாவரிப் பக்கம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் கருகியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான் இவர்கள். பாதையை மாற்றியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. அது தோற்றுவிட்டது. அப்படி ஒருவன் நிலத்தைக் கீறிக் கொண்டுவந்த வாயுவில் அறுபது பங்கை ரேடியேட்டர் வழியாக வானத்துக்கு அனுப்புவது அவனுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

2022 மே மாதம் சென்னையில் பிரதமர் அர்ப்பணித்த திட்டங்களில் திருவள்ளூரிலிருந்து பெங்களூருக்கு 271 கிலோமீட்டர் குழாயும் ஒன்று. பெரிய குழாய்கள் இரு பக்கத்திலிருந்தும் வருகின்றன. கிளைக்குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்பதுதான் இனி கேள்வி. விநியோக நிறுவனத்துக்கு ஒரே இடத்தில் நிறைய வாங்கும் ஜெனரேட்டர்க்காரர் இனிப்பான வாடிக்கையாளர். நாளுக்கு நூறு, இருநூறு கன மீட்டர் கேட்கும் சிட்கோ உலைக்காரருக்காகத் தெருவைத் தோண்ட அவர்களுக்கு மனசு வராது. ஆகவே யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் குழாய் திரும்பும்.

ஓசூரின் தொழில் சங்கங்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை எரிவாயு பற்றி மனு எழுதும்போது இஞ்சின்களுக்குச் சலுகை விலை கேட்டு எழுதாதீர்கள். ஃபோர்ஜிங், வார்ப்படம், வெப்பப் பட்டறை, பெயின்ட் அடுப்பு எத்தனை, எந்தத் தெருவில், எவ்வளவு எண்ணெய் எரிக்கின்றன என்று கணக்கெடுத்து அந்தப் பட்டியலை இணையுங்கள். பர்னர் மாற்றும் செலவுக்குச் சிறு பட்டறைகளுக்கு மானியம் கேளுங்கள். எரிவாயுவை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரக் கேளுங்கள். மின்சாரத்துக்கு வாரியத்தின் கழுத்தைப் பிடியுங்கள்: சப்ஸ்டேஷன், இரட்டை இணைப்பு, சிறு ஆலைகளும் கூட்டாகக் காற்றாலைப் பங்கு வாங்க வழி. இரண்டு மனுக்களும் தனித்தனியாகப் போகட்டும்.